உடல் போடும் கணக்கு

1966ஆம் ஆண்டு, அமெரிக்காவின் டல்லஸ் நகரில் ஐந்து இளைஞர்கள் மூன்று வாரம் படுத்தே கிடப்பதற்குச் சம்மதித்தார்கள். ஐவருக்கும் வயது 20. நோய்நொடி எதுவும் இல்லாதவர்கள். டெக்சாஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் பெங்ட் சால்ட்டின், ஜெரி மிட்செல் முதலான ஆய்வாளர்கள் அவர்களைப் படுக்கவைப்பதற்கு முன்னும் பின்னும் ஓடவைத்து அளந்தார்கள்.

அவர்கள் அளந்தவற்றில் முக்கியமானது, உடல் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜனின் உச்ச அளவு. ஒருவர் தன்னால் முடிந்த மட்டும் முழு வேகத்தில் இயங்கும்போது, அவர் உடல் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் ஆக்சிஜனைப் பயன்படுத்துகிறது? நுரையீரல் காற்றை வாங்க வேண்டும், இதயம் ரத்தத்தைத் தள்ள வேண்டும், ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க வேண்டும், தசை அதை எரிக்க வேண்டும். இந்த நான்கில் எது பலவீனப்பட்டாலும் அந்த எண் இறங்கிவிடும். ஒரு மனிதரின் உடல் தகுதியை ஒரே எண்ணில் சொல்லச் சொன்னால், உடலியல் அறிஞர்கள் இதைத்தான் சொல்வார்கள்.

படுப்பதற்கு முன் அந்த ஐவரின் சராசரி 3.3 லிட்டர். மூன்று வாரம் கழித்து 2.4 லிட்டர். கால் பங்குக்கும் மேல் போய்விட்டது.

போன வழி இதுதான். நிற்கும்போது ரத்தத்தில் கணிசமான பங்கு கால்களில் தேங்கியிருக்கும். படுத்தால் அது மார்புப் பக்கம் வந்துவிடுகிறது. நீர் கூடிவிட்டது என்று உடல் எடுத்துக்கொள்கிறது. சிறுநீரகம் அதை வெளியேற்றுகிறது. சில நாட்களில் ரத்தத்தின் மொத்த அளவே குறைகிறது. இதயத்துக்குத் திரும்பி வரும் ரத்தம் குறைவதால் ஒவ்வொரு துடிப்பிலும் அது வெளியே தள்ளுவதும் குறைகிறது. வேலை குறைந்த இதயத் தசை சுருங்கத் தொடங்குகிறது. அந்த ஐவரின் இதயத்தின் பருமன் மூன்றே வாரத்தில் பத்து சதவீதத்துக்கும் மேல் குறைந்திருந்தது.

பிறகு அவர்களுக்கு எட்டு வாரம் கடுமையான ஓட்டப் பயிற்சி கொடுத்தார்கள். எண் 3.9க்கு ஏறியது. இழந்தது திரும்பியதோடு முன்பு இல்லாததும் சேர்ந்தது.

கதை இதோடு முடியவில்லை. 1996இல் அதே ஐந்து பேரைத் தேடிப் பிடித்து மீண்டும் அளந்தார்கள். இப்போது அவர்களுக்கு வயது 50. சராசரி எடை 77 கிலோவிலிருந்து 100 கிலோவாகியிருந்தது. உடலில் கொழுப்பின் பங்கு இரட்டித்திருந்தது. ஆனால் ஆக்சிஜன் எண்? 2.9 லிட்டர். முப்பது ஆண்டு மூப்பு பறித்ததைவிட, இருபது வயதில் மூன்று வாரப் படுக்கை பறித்தது அதிகம்.

அந்த ஐம்பது வயதுக்காரர்களை ஆறு மாதம், நடை, மெல்லோட்டம், சைக்கிள் என்று மெதுவாகக் கூட்டிக்கொண்டே போனார்கள். முடிவில் அந்த எண், இருபது வயதில் படுக்கைக்கு முன் இருந்த இடத்துக்கே வந்து சேர்ந்தது.

இந்த அத்தியாயத்தில் நான் சொல்ல வருவது முழுவதும் அந்த ஐந்து பேரின் உடம்பில் இருக்கிறது. உடல் தன்னிடம் என்ன வேலை கேட்கப்படுகிறதோ அதற்கேற்பத் தன்னைக் கட்டிக்கொள்கிறது. கேட்காத திறனைக் கலைத்துவிடுகிறது. கேட்டால், பிந்திக் கேட்டாலும், மீண்டும் கட்டுகிறது. உடல் நலத்தைப் பேணுவது வீண் உழைப்பல்ல என்பதற்கு இதைவிடப் பெரிய ஆதாரம் தேவையில்லை.

ஏன் கலைக்கிறது?

தசை செலவு பிடிக்கும் திசு. சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் உடல் செலவழிக்கும் எரிசக்தியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு தசைக்குப் போகிறது. அதிலுள்ள புரதங்கள் ஒருமுறை கட்டி முடித்துவிட்டால் அப்படியே நிற்பவை அல்ல. ஒவ்வொரு நாளும் ஒரு பகுதி சிதைந்து, ஒரு பகுதி புதிதாக உருவாகிறது. சிதைவதும் உருவாவதும் சமமாக இருக்கும் வரை தசையின் அளவு மாறாது. தசைக்கு வேலை கொடுப்பது உருவாக்கத்தைத் தூண்டுகிறது. வேலை நின்றால் சிதைவு முந்திக்கொள்கிறது.

மனித இனம் தன் வரலாற்றின் பெரும்பகுதியைப் பசியோடு கழித்தது. அடுத்த வேளை உணவு நிச்சயமில்லாத உலகில், தேவைப்படாத தசைக்குத் தீனி போட்ட உடல் பிழைத்திருக்காது. ஆகவே கலைப்பது உடலின் குறையல்ல. நம்மைப் பிழைக்கவைத்த குணம் அது. சிக்கல் என்னவென்றால், அந்த நாளில் உணவு தேடுவதே உழைப்பாக இருந்தது. உடற்பயிற்சி என்று தனியாக ஒன்று வேண்டியிருக்கவில்லை. இன்று நம் வீடுகளில் கிணற்றில் நீர் இறைக்க வேண்டாம், உரலில் இடிக்க வேண்டாம், அம்மியில் அரைக்க வேண்டாம். அந்த வேலைகளின் பாரம், குறிப்பாகப் பெண்களின் முதுகிலிருந்து இறங்கியது நல்லதே. அது திரும்ப வர வேண்டியதில்லை. ஆனால் வேலை போனதை உடல் கவனித்துக்கொண்டிருக்கிறது. கணக்கைத் தீர்த்துக்கொண்டும் இருக்கிறது.

லண்டன் பேருந்தில் இரண்டு பேர்

ஆய்வுக்கூடத்தில் மூன்று வாரம் படுக்கவைத்தால் இப்படி ஆகிறது, சரி. சாதாரண வாழ்க்கையில், வேலையிடத்தில் உட்கார்ந்திருப்பது மட்டுமே வித்தியாசத்தை உண்டாக்குமா?

இந்தக் கேள்விக்கு முதல் பதிலைக் கொண்டுவந்தவர் ஜெர்ரி மோரிஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பிரிட்டனில் மாரடைப்பு ஏன் பெருகுகிறது என்று யாருக்கும் புரியவில்லை. மோரிஸ் 1949 முதல் லண்டன் போக்குவரத்து ஊழியர்களின் மருத்துவப் பதிவுகளை ஆராயத் தொடங்கினார். லண்டனின் மாடிப் பேருந்து ஒவ்வொன்றிலும் இரண்டு பேர் வேலை பார்த்தார்கள். ஓட்டுநர் நாள் முழுக்க இருக்கையில் இருப்பார். நடத்துநர் சீட்டுக் கொடுப்பதற்காக மேல்தளத்துக்கும் கீழ்தளத்துக்கும் ஏறி இறங்குவார். ஒரு வேலைநாளில் 500 முதல் 750 படிகள். இருவரும் ஒரே நிறுவனத்து ஊழியர்கள். ஒரே வகையான வாழ்க்கை.

1953இல் 'லான்செட்' மருத்துவ இதழில் முடிவு வெளிவந்தது. நடத்துநர்களுக்கு மாரடைப்பு ஓட்டுநர்களைவிடக் குறைவாக வந்தது. வந்தவர்களுக்கும் பிந்திய வயதில், கடுமை குறைந்து வந்தது. மோரிஸ் அதோடு விடாமல் அஞ்சல் துறைக்குப் போனார். நடந்தும் சைக்கிளிலும் கடிதம் கொடுக்கும் தபால்காரர்களையும், அதே துறையில் உட்கார்ந்து வேலை செய்யும் எழுத்தர்களையும் ஒப்பிட்டார். அங்கேயும் அதே கதைதான்.

இங்கே ஒரு நியாயமான சந்தேகம் எழும். உடம்பு முதலிலேயே கனத்தவர்கள்தான் ஓட்டுநர் வேலையைத் தேர்ந்தெடுத்தார்களோ? மோரிஸுக்கே இந்தச் சந்தேகம் இருந்தது. அவர் ஊழியர்களின் சீருடைப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தார். நிறுவனம் தைத்துக் கொடுத்த கால்சட்டைகளின் இடுப்பளவு அதில் இருந்தது. ஓட்டுநர்களின் இடுப்பு உண்மையிலேயே பெரியதுதான்; வேலைக்குச் சேர்ந்த இளம் வயதிலேயே பெரியது. தன் கருத்துக்கு எதிராகத் தோன்றிய இந்த முடிவை மோரிஸ் மறைக்கவில்லை, 1956இல் வெளியிட்டார். பிறகு இடுப்பளவு வாரியாகப் பிரித்துப் பார்த்தபோது, ஒல்லியானவர்களிலும் சரி, நடுத்தரமானவர்களிலும் சரி, பருத்தவர்களிலும் சரி, ஓட்டுநர்களுக்கே ஆபத்து அதிகம் என்று தெரிந்தது. உடல் பருமன் ஒரு பங்கு. அசையாமல் இருப்பது தனியாக ஒரு பங்கு.

மோரிஸ் 1910இல் பிறந்தவர். தான் கண்டறிந்ததைத் தானும் கடைப்பிடித்தார். 2009இல் இறந்தபோது அவருக்கு வயது 99.

தசை என்னும் பத்தாயம்

இதயத்துக்கு உழைப்பு நல்லது என்பது இன்று பலருக்கும் தெரியும். நம் ஊரில் போதிய அளவு பேசப்படாதது, தசைக்கும் சர்க்கரைக்கும் உள்ள உறவு. இதைச் சற்று நெருங்கிப் பார்ப்போம்.

ஆரோக்கியமான ஒருவரின் ரத்தம் முழுவதிலும் எந்த நேரத்திலும் இருக்கும் குளுக்கோஸ் சுமார் 5 கிராம்தான், ஒரு சிறிய கரண்டி அளவு. மதியம் 250 கிராம் சோறு சாப்பிட்டால் அதில் சுமார் 70 கிராம் மாவுச்சத்து இருக்கும். அடுத்த இரண்டு மூன்று மணி நேரத்தில் அது குளுக்கோஸாகி ரத்தத்தில் இறங்கும். 5 கிராம் இருக்க வேண்டிய இடத்துக்கு 70 கிராம் வருகிறது. அத்தனையையும் எங்கே வைப்பது?

பெரிய இருப்பிடம் தசைதான். குளுக்கோஸைக் கோத்துக் கிளைக்கோஜன் என்ற வடிவில் கல்லீரல் சுமார் 100 கிராம் வைத்துக்கொள்ளும். உடலிலுள்ள தசைகள் எல்லாம் சேர்ந்து சுமார் 400 கிராம் வரை வைத்துக்கொள்ளும். அறுவடை நெல்லைக் கொட்டி வைக்கும் பத்தாயத்தைப் போல, சாப்பாட்டுக்குப் பின் வந்து சேரும் சர்க்கரையைத் தசை வாங்கி வைக்கிறது.

ஆனால் இந்தப் பத்தாயத்தில் ஒரு விசேஷம் உண்டு. கல்லீரல் தன் இருப்பை மீண்டும் குளுக்கோஸாக்கி ரத்தத்துக்கு விட முடியும். தசையால் முடியாது, அதற்கு வேண்டிய நொதி தசையில் இல்லை. தொடைக்குள் போன சர்க்கரை தொடையிலேயே எரிய வேண்டும். காலியாக்க ஒரே வழி, அந்தத் தசையை உழைக்கவைப்பது. காலையிலிருந்து இரவு வரை நாற்காலியில் இருப்பவரின் தொடைத் தசை நிரம்பியே இருக்கிறது. அடுத்த வேளைச் சோறு வரும்போது உள்ளே இடமில்லை. இன்சுலின் வந்து கதவைத் தட்டினாலும் தசை அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை. மிஞ்சிய சர்க்கரையில் ஒரு பங்கைக் கல்லீரல் கொழுப்பாக மாற்றுகிறது. கணையம் மேலும் மேலும் இன்சுலின் சுரந்து ஈடுகொடுக்கப் பார்க்கிறது. பல ஆண்டுகள் இப்படிப் போய், கணையத்தால் முடியாமல் போகும் நாளில், ரத்தப் பரிசோதனைத் தாளில் 'சர்க்கரை நோய்' என்று எழுதப்படுகிறது.

ஆனால் ஒரு நல்ல செய்தியும் உண்டு. சர்க்கரை தசைக்குள் நுழைய க்ளூட்-4 என்ற கடத்திப் புரதம் வேண்டும். அது சாதாரண நேரத்தில் தசைச் செல்லின் உட்பகுதியில் இருக்கும். இன்சுலின் கட்டளையிட்டால் செல்லின் வெளிச்சவ்வுக்கு வந்து நின்று சர்க்கரையை உள்ளே விடும். ஆனால் தசை சுருங்கி விரியும்போது, இன்சுலின் சொல்லாமலே அது மேலே வருகிறது. இன்சுலினுக்குச் சரியாகக் கீழ்ப்படியாத உடலிலும் இந்த இரண்டாவது வழி வேலை செய்கிறது. சாப்பிட்டபின் பத்துப் பதினைந்து நிமிடம் தெருவில் நடந்தால் ரத்தச் சர்க்கரை அவ்வளவாக ஏறாததற்குக் காரணம் இதுதான். பயிற்சிக்குப் பிறகு தசை இன்சுலினுக்கு நன்றாகக் கீழ்ப்படியும் நிலை ஓரிரு நாள் நீடிக்கிறது. பிறகு தேய்ந்துவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் மூன்று மணி நேரம் என்பதைவிட, அன்றாடம் அரை மணி நேரம் என்பது மேல் என்று சொல்வதன் அடிப்படை இது.

ஒல்லியாக இருந்தால் போதாது

'நான் ஒல்லியாகத்தானே இருக்கிறேன், எனக்கு எதற்கு?' என்று கேட்பவர்கள் நம்மிடையே ஏராளம். 2004இல் 'லான்செட்' இதழ் இரண்டு மருத்துவர்களின் படத்தை வெளியிட்டது. ஒருவர் புனேயைச் சேர்ந்த சித்தரஞ்சன் யாக்னிக். மற்றவர் லண்டனைச் சேர்ந்த ஜான் யுட்கின். உயரத்துக்கேற்ற எடையைச் சொல்லும் பி.எம்.ஐ. இருவருக்கும் ஒன்றே: 22.3. எந்த அட்டவணையிலும் அது ஆரோக்கியமான எண். ஆனால் உடலில் கொழுப்பின் பங்கை அளந்தபோது யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2 சதவீதம். யுட்கின் மாரத்தான் ஓடுபவர்.

வித்தியாசம் முழுவதையும் ஓட்டத்தின் கணக்கில் எழுத முடியாது. யாக்னிக் பிறந்தபோதே எடை குறைவாக இருந்தவர், அதற்கும் பங்கிருக்கலாம் என்று அவர்களே குறிப்பிட்டார்கள். தெற்காசியர்கள் பலருக்கு இதே வாகு: கைகால் மெலிந்திருக்கும், தசை குறைவாக இருக்கும், கொழுப்பு வயிற்றைச் சுற்றித் தங்கும். பத்தாயமே சிறியதாக இருப்பவர்களுக்கு அதை அடிக்கடி காலிசெய்வது இன்னும் முக்கியம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய ஆய்வு 2023இல் வெளியிட்ட கணக்குப்படி, இந்தியாவில் வளர்ந்தவர்களில் 11.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். தமிழ்நாட்டில் அது 14.4 சதவீதம்.

இதைத் தடுக்க முடியுமா என்று சென்னையிலேயே சோதித்துப் பார்த்தார்கள். டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர், சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 531 பேரை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான அறிவுரை மட்டும். இன்னொரு பிரிவுக்கு உணவில் ஒழுங்கு, உழைப்பில்லாதவர்களுக்குத் தினமும் அரை மணி நேரமாவது வேகநடை. மற்றவர்களுக்கு மெட்ஃபார்மின் மாத்திரை, அல்லது இரண்டும். 2006இல் முடிவுகள் வெளிவந்தன. மூன்று ஆண்டில், அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 55 சதவீதம் பேருக்கு நோய் வந்துவிட்டது. நடையும் உணவு ஒழுங்கும் கொண்டவர்களில் 39.3 சதவீதம். மாத்திரை எடுத்தவர்களில் 40.5 சதவீதம். இரண்டையும் சேர்த்துச் செய்ததால் கூடுதல் பலன் எதுவும் கிடைக்கவில்லை.

இந்த எண்களில் இரண்டு செய்திகள் உள்ளன. ஒன்று, நடையும் உணவும் மாத்திரைக்குச் சமமாக நின்றன. மற்றொன்று, நடந்தவர்களின் எடை குறிப்பிடும்படி குறையவில்லை. ஆனாலும் நோய் விலகியது. எடை இறங்கவில்லையே என்று இரண்டு மாதத்தில் நடையை விட்டுவிடுபவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். எடை பார்க்கும் இயந்திரத்தில் ஒன்றும் தெரியாத நாட்களிலும் தசைக்குள் மாற்றம் நடந்துகொண்டிருக்கிறது. அதே நேரத்தில், நடந்தும் நோய் வந்தவர்கள் அதில் இருக்கிறார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. நோய் வந்தவரைப் பார்த்து 'நீ சோம்பேறி' என்று சொல்ல அறிவியல் யாருக்கும் உரிமை தரவில்லை. பரம்பரை இருக்கிறது, பன்னிரண்டு மணி நேர வேலை இருக்கிறது, நடைபாதையே இல்லாத தெரு இருக்கிறது. நடக்க இடம் கேட்பதும் உடல்நலம் பேணுவதில் ஒரு பகுதிதான்.

தொண்ணூறு வயதில் கட்டிய தசை

ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு தசை ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு சதவீதம் குறைகிறது. பலம் அதைவிட வேகமாகக் குறைகிறது. முதலில் போவது வேகமாகச் சுருங்கும் தசை இழைகள். வாசற்படியில் கால் இடறும்போது, மறு காலைச் சட்டென்று முன்னே வைத்து உடலைத் தாங்குபவை அவைதான். அவை மெலிந்தவர் விழுகிறார், இடுப்பெலும்பு முறிகிறது, படுக்கை தொடங்குகிறது. படுக்கை என்ன செய்யும் என்பதை டல்லஸில் பார்த்தோம். முதியவர்களுக்கு அது இன்னும் வேகம். சராசரி 67 வயதான ஆரோக்கியமானவர்களைப் பத்து நாள் படுக்கவைத்த ஓர் ஆய்வில், கால்களில் மட்டும் சுமார் ஒரு கிலோ தசை கரைந்திருந்தது. ஆபரேஷன் முடிந்த மறுநாளே நர்ஸ் வந்து 'எழுந்து நடங்கள்' என்று சொல்வது இரக்கமில்லாமல் அல்ல.

போனது திரும்புமா? அமெரிக்காவின் பாஸ்டன் நகர முதியோர் மருத்துவ இல்லம் ஒன்றில் மரியா ஃபியாடரோன் என்ற மருத்துவர் இதைச் சோதித்தார். சேர்ந்தவர்கள் பத்துப் பேர். சராசரி வயது 90. தளர்ந்தவர்கள், பல நோய்கள் உள்ளவர்கள். அவர்களுக்கு மென்மையான பயிற்சி கொடுக்கவில்லை. ஒவ்வொருவரும் அதிகபட்சம் தூக்கக்கூடிய எடை எவ்வளவோ, அதில் 80 சதவீதம். அந்த எடையைக் காலால் மெதுவாக உயர்த்தி, மெதுவாக இறக்க வேண்டும். வாரத்துக்கு மூன்று நாள், எட்டு வாரம்.

ஒன்பது பேர் முடித்தார்கள். தொடைத் தசையின் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது, அதாவது இரண்டே முக்கால் மடங்கு ஆனது. தொடையின் தசைப் பரப்பும் 9 சதவீதம் வளர்ந்திருந்தது. இருவர் கைத்தடியை விட்டுவிட்டு நடந்தார்கள். 1990இல் இது வெளியானபோது, முதுமைத் தளர்ச்சி பற்றிய மருத்துவத்தின் எண்ணமே மாறத் தொடங்கியது. தளர்ச்சி என்று நாம் சொல்வதில் ஒரு பங்கு வயது. இன்னொரு பங்கு, வேலை கேட்காமல் விட்டது.

எவ்வளவு போதும்?

உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்ன அளவு இது: பெரியவர்களுக்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு. பேச முடியும், ஆனால் பாட முடியாது என்கிற அளவுக்கு மூச்சு வாங்கும் வேகநடை மிதமான உழைப்புதான். அதோடு வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்குப் பலம் தரும் பயிற்சி. நம் ஊர்ப் பூங்காக்களில் காலையில் நடப்பவர்கள் பலர் முதலாவதைச் செய்கிறார்கள், இரண்டாவதை விட்டுவிடுகிறார்கள். ஜிம்முக்குப் போனால்தான் முடியும் என்பதில்லை. பிள்ளையார் முன் போடும் தோப்புக்கரணம் தொடைக்கும் இடுப்புக்கும் மிக நல்ல பயிற்சி. சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, நீர் நிறைந்த வாளிகளை இரு கையிலும் சமமாகச் சுமப்பது, மாடிப்படி ஏறுவது எல்லாமே கணக்கில் சேரும். முன்பைவிடச் சற்றுக் கூடுதலாகக் கேட்க வேண்டும் என்பது ஒன்றே விதி. எளிதாகிவிட்டதையே செய்துகொண்டிருந்தால் உடல் இருப்பதைக் காப்பாற்றும், மேலே கட்டாது.

இத்தனை பாடும் எதற்கு? ஆயுள் கூடும் என்பது ஒரு பதில். எனக்கு அதைவிட முக்கியமாகத் தோன்றுவது கையிருப்புத் திறன். சும்மா இருக்கும்போது நம் இதயம் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தத்தைத் தள்ளுகிறது. தேவைப்பட்டால் ஆரோக்கியமான இதயம் 20 லிட்டர் தள்ளும். அந்த 15 லிட்டர் வித்தியாசத்தில்தான் நாம் பேருந்தைப் பிடிக்க ஓடுகிறோம், காய்ச்சலைத் தாங்குகிறோம், அறுவை சிகிச்சையிலிருந்து எழுகிறோம். ஆபரேஷனுக்கு முன் மருத்துவர் 'நிற்காமல் இரண்டு மாடி ஏற முடியுமா?' என்று கேட்பது இந்தக் கையிருப்பை அறியத்தான். நோய் வந்தபின் அதைச் சேர்க்க அவகாசம் இருக்காது.

உங்கள் கையிருப்பை வீட்டிலேயே ஓரளவு அறியலாம். கைப்பிடி இல்லாத நாற்காலியைச் சுவரோடு சேர்த்துப் போடுங்கள். கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, 30 வினாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து நின்று உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். 60 முதல் 64 வயதுள்ள ஆண் 14க்குக் கீழும், பெண் 12க்குக் கீழும் இருந்தால் அது சராசரிக்குக் குறைவு. இதய நோயோ மூட்டுக் கோளாறோ தலைசுற்றலோ இருந்தால் மருத்துவரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். கிடைத்த எண்ணை நாட்காட்டியில் இன்றைய தேதியில் எழுதிவையுங்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் அதே நாற்காலியில் எழுந்து உட்காரும் பயிற்சியைச் செய்து, வாரந்தோறும் இரண்டு மூன்று கூட்டுங்கள். தினமும் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் சிறிது நடங்கள். எட்டு வாரம் கழித்து மீண்டும் எண்ணிப் பாருங்கள். இந்த அத்தியாயம் சொன்னது உண்மையா என்பதற்கு அந்த இரண்டாவது எண்ணே சாட்சி சொல்லும்.